தென்முனை மீட்பகத்தில் புகை

பதிவு 1
2093 மார்ச் 4, காலை 8.40

நிலவின் தென்முனை, குடிநோயாளர் மீட்பகம். எழுதுபவர் டாக்டர் அங்கயற்கண்ணி. காற்றழுத்தம் சரி. நோயாளிகள் ஐவர், எல்லோரும் பனிச்சுரங்கத் தொழிலாளர்கள். குடியை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வெற்றியைக் கொண்டாட, சாப்பிட்டதும் புகையறையில் கூடி நுரையீரலைப் பொசுக்கிக்கொள்கிறார்கள். சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுப்பவர் ஆலோசகர் ஜெயசிங். ஒழுங்காக இருந்தால் பரிசாக இன்னொன்று. வித்தை காட்டும் குரங்குக்குக்கூட வாழைப்பழம்தான் தருவார்கள்.

புகையையும் சேர்த்து விடவைக்கலாம், புகை ஆசையை அடக்கத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைகள் என்னிடம் சும்மா கிடக்கின்றன என்று தலைமைத் தளத்துக்குச் சொன்னேன். இயக்குநர் ரங்கபாஷ்யத்தின் பதில்:

"ஒண்ணொண்ணா விடட்டுமே டாக்டர். எல்லாத்தையும் பிடுங்கினா மறுபடி பாட்டிலைத் தேடுவாங்க."

இரண்டையும் சேர்த்து விட்டவர்களே குடியிலிருந்து அதிகம் தப்பிக்கிறார்கள் என்ற ஆய்வுகள் அவர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டன. படிக்க நேரமில்லை போலும். ஊத நேரமிருக்கிறது.

பதிவு 2
மார்ச் 9, மாலை 4.15

ஐவரில் ஒருவர், சுரங்கத்தில் துளைப்பான் ஓட்டிய இசக்கிராஜா, மூன்று நாள் முன்பு உள்தொலைபேசியில்:

"டாக்டரம்மா, சிகரெட்ட வாயில வச்சதும் கை தானா கிளாஸத் தேடுது. இதையும் விட்டிருதேன். வழி சொல்லுங்க."

சீக்கிரமே ஓடிவிடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் பட்டையை ஒட்டினேன். மறுநாளே ஒன்று ஊதினார். வந்து சொல்லிவிட்டு இன்னொரு பட்டை கேட்டார். மற்ற நால்வரும் சிரித்தார்கள். அவர் ஒரு கட்டுப் பட்டைகளையே வாங்கிக்கொண்டு போனார். வெட்கமில்லாத ஆள். இதை எழுதும்போதே பாராட்டாக மாறுகிறது; ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பதிவு 3
மார்ச் 15, பகல் 1.20

நிலவதிர்ச்சி. மருத்துவக் கூடத்துக்கும் குடியிருப்புக்கும் நடுவிலிருந்த பாதை நசுங்கிவிட்டது. நான் இந்தப் பக்கம், தனியாக. மற்ற ஆறு பேரும் அந்தப் பக்கம், காயமின்றி. என் சுவர் கசிகிறது. காற்று இயந்திரம் உடைந்துவிட்டது. குடியிருப்பிலிருந்து காற்று வரும் ஒரே ஒரு குழாய்தான் மிச்சம். அதில் தீத்தடுப்புக் கதவு இருக்கிறது. புகையை உணர்ந்தால் தானே மூடும். பல மணி நேரத்துக்குத் திறக்காது. புகையறையின் புகை வெளியேற்றியும் பழுதாகிவிட்டது. ஆக, அங்கே யார் பற்றவைத்தாலும் இங்கே எனக்கு மூச்சு கிடையாது.

மீட்பு ஊர்தி வர நான்கு நாளாகும். அதுவரை என் உயிர் இந்தக் கும்பலின் உதட்டில் தொங்குகிறது. நல்ல இடம் கிடைத்தது.

பதிவு 4
மார்ச் 16, மாலை 6.30

கதவு மூடி, இப்போதுதான் திறந்தது. உயிர்வாயு சிலிண்டர் காலி. இருந்ததே ஒன்றுதான். வாந்தி. தலை வெடிக்கிறது. ஊதியவர் நோயாளி இல்லை. மனவுறுதி பற்றி வகுப்பெடுக்கும் ஜெயசிங். கழிவறையில் ஒளிந்துகொண்டு.

"மன்னிச்சிருங்க மேடம். குடிய விட்டு இருபது வருசம் ஆச்சு. இத மட்டும் ஒருநாளும் விட்டதில்ல. முடியல."

நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பிறகு இசக்கிராஜாவின் குரல் கேட்டது:

"அழாதயும் அண்ணாச்சி. தீப்பெட்டிய எங்கிட்ட குடும். இந்தப் பட்டைய ஒட்டும். ஆச வந்தா எங்கூட நடயும், தன்னால அடங்கும். நான் உம்ம கூடத்தான இருக்கேன்."

பதிவு 5
மார்ச் 18, காலை 10.00

குழாய் வழியே காலடிச் சத்தம். நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஜெயசிங் அழுகிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார், இசக்கிராஜாவின் சட்டையைக் கிழித்துவிட்டாராம். சிரித்த நால்வரும் பட்டையைப் பங்கு போட்டு ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவரும் பற்றவைக்கவில்லை.

இவர்களைத் திட்ட எனக்கு இப்போது சொல் அகப்படவில்லை. அது ஒரு தொந்தரவு.

ஊர்திக்கும் தலைமைத் தளத்துக்கும் எச்சரிக்கை அனுப்பினேன்: உள்ளே யாரும் புகைக்கக் கூடாது, என் காற்று நின்றுவிடும். ரங்கபாஷ்யம்: "சரி சரி, பதட்டப்படாதீங்க." இவருக்குச் சொல் தேட வேண்டியதில்லை.

பதிவு 6
மார்ச் 19, காலை 11.05

ஊர்தி குடியிருப்போடு இணைந்துவிட்டது. இயக்குநரே வந்திருக்கிறார், கூடவே படம் எடுக்க ஓர் ஆள். என் பக்கம் வெட்டித் திறக்க இரண்டு மணி நேரமாம். உள்தொலைபேசி திறந்தே இருக்கிறது. ரங்கபாஷ்யத்தின் குரல்:

"சபாஷ்! சாதிச்சிட்டீங்கப்பா! ஜெயசிங், பட்டபாடு போதும். இந்தாங்க, ஆளுக்கொண்ணு."

"வேண்டாம் சார்! வைங்க உள்ள!" ஜெயசிங்.

"அணைங்க சார் அத! அந்தப் பக்கம் டாக்டரம்மா இருக்காவ!" இசக்கிராஜா.

"அட, ஒரே ஒரு இழுப்புதானேப்பா."

11.08

கதவு மூடிவிட்டது.

11.31

வெட்டும் சத்தம். தூரத்தில். இசக்கிராஜா என் பெயர் சொல்லிக் கத்துகிறார். விரல் மரத்துவிட்டது.

11.40

இதைப் படிப்பவருக்கு. நிலவதிர்ச்சியில் இறந்தாள் என்று அறிக்கை வரும். நம்ப வேண்டாம். ஜெயசிங்கும் சேர்த்து ஆறு பேரும் விட்டுவிட்டார்கள். ஆறு பேரும். பற்றவைத்தவர்