இரண்டு கட்டிலுக்கு இடம்

மார்ச் 3

இடித்த பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் இன்று வந்து இறங்கின. ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இல்லை. எல்லாம் ஒரே அளவு என்று பழைய சாமான் கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா சிரித்தாள். "நம்ம சொந்தக்காரங்க மாதிரியே இருக்கு, ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல. விடுடி, சுவத்துல ஏத்திட்டா எல்லாம் ஜன்னல்தான்."

மாமா தவறிப்போனபிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஆகி முடிந்துவிட்டது. சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு, இனி வாடகை வீட்டுக்காரர் முகம் பார்த்து வாழ வேண்டாம் என்பதுதான் எங்கள் திட்டம். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, மழைத்தண்ணீருக்கு ஒரு தொட்டி. எல்லாமே யாரோ வேண்டாம் என்று போட்டவை.

மார்ச் 12

கொத்தனாருக்குக் கோபம். "வீட்டைக் கட்டிட்டு ஜன்னல் வாங்குவாங்க. நீங்க ஜன்னலை வாங்கிட்டு அதுக்கு வீடு கேக்குறீங்க." ஆனாலும் பழைய செங்கல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் வைக்கிறார். ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டிச் சுரண்டி அக்காவுக்கு விரலெல்லாம் புண்.

ஏப்ரல் 2

சுவர் இடுப்பளவு வந்துவிட்டது.

ஏப்ரல் 19

அக்கா மகன் கூப்பிட்டான். மருமகளுக்குப் பிரசவ நேரம், அம்மா கூட இருக்க வேண்டுமாம். அக்கா போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே, "கொஞ்ச நாள்தான்டி" என்றாள்.

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பெற்றவள் அவள். "போயிட்டு வா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மே 8

கூரைக்கு வாங்கிய மரங்களை இன்று பிரித்தோம். மேலே வழவழவென்று இருந்தது. ஆணி அடித்ததும் உள்ளிருந்து மாவாகக் கொட்டியது. எல்லாம் கரையான். கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்தார். பிறகு, வேறு வேலை ஒன்று வந்திருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றார். வரமாட்டார். எனக்குத் தெரியும்.

மரங்களை நானே இழுத்துப்போட்டு எரித்தேன். புகை அடங்கும்வரை அங்கேயே நின்றேன். எதற்கு நின்றேன்?

மே 30

வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. இங்கே சுவருக்கு மேல் தார்ப்பாய். இப்போதைக்கு அதுதான் கூரை.

ஜூன் 17

மழை. தார்ப்பாயின் ஒரு மூலை பிய்த்துக்கொண்டது. தொட்டிக்குப் போக வேண்டிய தண்ணீர் என் படுக்கைக்கு வந்தது. நான் வேலை பார்க்கும் தையல் கடையில் முதலாளியம்மா, "ஏம்மா, ஈரத்துணியோடவா வந்திருக்கே?" என்று கேட்டார். காய்ந்துவிடும், காய்ந்துவிடும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9

அக்கா பேசினாள். "குட்டிக்கு என்னை விட்டா யார்கிட்டயும் தூக்கம் வரலடி. நான் இங்கயே இருந்துடறேன். நீயும் அந்தக் கட்டடத்தை விட்டுட்டு ஒரு ரூம் பாத்துக்கோ."

அந்தக் கட்டடம். அந்தக் கட்டடமாம். யாருக்காகக் கட்டறேன் நான்? எனக்கா? எனக்கு எந்த மூலையில சுருண்டா என்ன? நீதானே அளந்தே, ரெண்டு கட்டில் போடலாம்னு நீதானே சொன்னே — இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. "சரிக்கா, உடம்பப் பாத்துக்கோ" என்றுதான் சொன்னேன்.

ஜூலை 22

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11

வேறு ஆள் வைத்துத் தகரம் போட்டாகிவிட்டது. கரையான் மரம் விற்ற கடைக்காரருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். நல்ல மரமாக மாற்றிக் கொடுத்தார். கறுப்புக் குழாயைச் சுருட்டிக் கூரைமேல் வைத்தால் வெயிலிலேயே வெந்நீர் கிடைக்கும் என்று அக்கா போவதற்கு முன்பு எங்கோ பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தாள். கிடைக்கிறது, கை சுடும் அளவுக்கு. பழைய சோலார் தகட்டில் ஒரு பல்பு எரிகிறது. தண்ணீருக்குப் பதில் மரத்தூள் போடும் கழிப்பறை நாறவில்லை. எல்லாம் வேலை செய்கிறது. நான்தான் வேலை செய்யவில்லை. இன்னொரு கட்டிலில் சாக்கு மூட்டைகள் கிடக்கின்றன. அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுக்கிறேன். காலையில் எழ மனமில்லை. எழாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

செப்டம்பர் 26

அக்காவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் வாய் கோணிக்கொண்டு அழுதாள்.

அக்டோபர் 15

வார்டுக்கு வெளியே அவள் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சித்தி, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என் பொண்டாட்டியால முடியல. நானும் வேலைக்குப் போயாகணும். அம்மாவ ஏதாவது முதியோர் இல்லத்துல சேத்துடலாமா..." அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. திட்டத்தான் நினைத்திருந்தேன். "என்கிட்ட விடு" என்றேன்.

அவள் வரவேண்டும் என்றுதானே இத்தனை மாதமும் மனசுக்குள் கேட்டேன். இப்படியா கேட்டேன்?

அக்டோபர் 19

அக்காவுக்கான சக்கர நாற்காலியை முன்கூட்டியே கொண்டுவந்து பார்த்தேன். நுழையவில்லை. கிடைத்த கதவின் அளவுக்கு வைத்த வாசல். கொத்தனாரைத் தேடிப் போனேன். வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாக் கட்டின சுவரும்மா இது."

"தெரியும். இடிங்க."

மே மாதம் பாதியில் விட்டுப்போன அதே மனிதர்தான். வாசலை அகலமாக்கி, படியை எடுத்துவிட்டுச் சரிவு போட்டார். நாற்காலியில் என்னையே உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தார்.

அக்டோபர் 28

அக்கா வந்துவிட்டாள். கட்டிலில் கிடத்திவிட்டு அவள் மகன் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு போனான். அவள் வீட்டைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கஞ்சி உள்ளே இறங்கவில்லை. மதியம் முழுக்கச் சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சரியாகுமா?

சாயங்காலம் துணியை நனைத்து முகம், கழுத்து, காது மடல் என்று துடைத்துவிட்டேன். காதை மறுபடியும் தேய்த்தபோது பட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள். இடது கையால். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. அந்தக் கையில் நல்ல பலம் இருக்கிறது.