தங்கையின் பல் அச்சு

மார்ச் 3

அன்புச் சின்னவளே,

சுகமா? நேற்று டாக்டர், போன என் முன்பற்கள் இரண்டுக்காகத் தாடை எலும்பில் இரண்டு திருகாணிகளை இறக்கிவிட்டார். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ள நான்கு மாதமாம். அப்புறம்தான் மேலே பல். செலவு என் ஐந்து மாதச் சம்பளம். கழற்றி மாட்டும் பல் குமட்டுகிறது என்று தூக்கிப் போட்டு, எட்டு வருஷமாக வாயைப் பொத்தியே சிரித்தவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

"இரட்டைப் பிள்ளைங்களா? தங்கச்சி பல் அளவ அனுப்பச் சொல்லும்மா, அப்படியே செஞ்சிடலாம்" என்கிறார். உன் ஊர்ப் பல் டாக்டரிடம் அச்சு எடுத்து அனுப்பு. அரை மணி நேர வேலைதான்.

உன்னைவிட ஆறு நிமிடம் மூத்த,
பெரியவள்

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

ஓட்டல் வரவேற்பில் ஆள் குறைவு. நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது. ஐந்து மாதச் சம்பளமா! நீ வேலை பார்க்கும் கோப்பு அறையில் உன் பல்லை யார் பார்க்கப்போகிறார்கள்? கோபித்துக்கொள்ளாதே, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அச்சு எடுக்க அடுத்த வாரம் போகிறேன்.

உன்,
சின்னவள்

ஜூன் 7

அன்புச் சின்னவளே,

நீ 'அடுத்த வாரம்' என்று எழுதி ஏழு வாரமாகிறது. எங்கள் அலுவலகத்தில் வரவேற்பு மேசை காலியாகிறது. மேலாளரிடம் கேட்டேன். "பல்லு வரட்டும், பாக்கலாம்" என்றார். உன் படங்களைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன், ஒளிப்பானேன்? என் முகம் முழுசாக உன்னிடம்தானே இருக்கிறது. நான்கு மாதம் முடிகிற ஜூலை இரண்டுக்குள் அச்சு வேண்டும்.

பெரியவள்

ஜூலை 5

அக்கா,

போனில் என்றால் சிரித்துச் சமாளித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அச்சை மார்ச்சிலேயே எடுத்தாயிற்று. அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

நீ மாடிப்படியில் விழுந்து பல் போவதற்கு முன்னால், இரண்டு பேருக்கும் ஒரே முகம். ஆனால் எல்லோருக்கும் உன் சிரிப்புதான் வேண்டும். "பெரியவ எங்கடி?" என்று என் எதிரில் நின்றே கேட்பார்கள். நீ வாயைப் பொத்திய பிறகுதான் நான் கண்ணில் பட்டேன். அது போய்விடுமோ என்று பயம். பொறாமை என்றே வைத்துக்கொள். பார்சலில் அச்சு இருக்கிறது. திட்டிவிடு, ஆனால் எழுது.

சின்னவள்

ஜூலை 14

சின்னவளே,

உன் பார்சலுக்கு முன்பே பல் வந்துவிட்டது. "அளவு வரலைன்னா என்னம்மா, உனக்கு எப்படி வேணும், சொல்லு" என்றார் டாக்டர். இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இரண்டு பல்லுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விடச் சொன்னேன். கண்ணாடியில் இப்போது நீ இல்லை.

திங்கள் முதல் வரவேற்பு மேசை எனக்கு. அச்சைத் திருப்பி அனுப்புகிறேன், உடையாமல் வைத்துக்கொள். படம் அனுப்பவில்லை. கொஞ்ச காலம் இந்தச் சிரிப்பை நீ பார்க்க வேண்டாம்.

பெரியவள்