கோதாவில் இறங்காத கதாநாயகன்

மார்கழி 3, திங்கள்
மூடுபனி. அல்சூர் ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை. மில் குடோனுக்கு லேட்.

நாவல், ஏழாம் அத்தியாயம்: நாலு வரி. அதில் மூன்று சூரியோதயம். பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரத்தோடு நின்றவன் நாவல் எழுதினால் சூரியன் அடிக்கடிதான் உதிக்கும்.

கதை: பயில்வான் ஒருவன் தன் பலத்தை மறந்துவிடுகிறான். அனுமாருக்கு ஜாம்பவான் சொன்ன மாதிரி ஒருவர் எடுத்துச் சொல்ல, எழுந்து ஜெயிக்கிறான். அனுமத் ஜயந்திக்குள் முடிக்க வேண்டும். முடித்தால் என் மகன் முனியும் எழுந்துவிடுவான் என்று ஒரு கிறுக்கு நினைப்பு. தசரா குஸ்தியில் அவனுக்கு முதுகில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

மார்கழி 4, செவ்வாய்
எழுதினதை முனிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டான்.

"கோதா மண்ண தொட்டு நெத்தியில வைக்காமலே எறங்கிட்டானே நைனா! வஸ்தாது கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுவாரு."

தசராவுக்கப்புறம் இதுதான் முதல் சிரிப்பு. சமையலறையிலிருந்து என் மனைவி: "தப்பா எழுதுனா சிரிக்கிறான். நல்லா தப்பா எழுதுங்க."

அதற்கென்ன, கைவந்த கலை.

மார்கழி 6, வியாழன்
வாங்க: மண்ணெண்ணெய், உளுந்து (வடைமாலை வேண்டுதல்).

கம்பவுண்டர் வந்து உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். முனி சீலிங்கைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் குத்தலியா சார்?"

வாசலில் கம்பவுண்டர்: "பெரிய டாக்டர் சொன்னதுதாங்க. மாறாது."

உள்ளே வந்து வழக்கமான ஜாம்பவான் வேஷம் போட்டேன். "நீ யாருன்னு உனக்கே தெரியலடா. எத்தன பேரத் தூக்கிப் போட்டவன்!"

"அனுமாரு பலத்ததான் மறந்தாரு நைனா. காலு இருந்துச்சு. நான் எதையும் மறக்கல."

மண்ணெண்ணெய் வாங்க மறந்தவன் நான்தான்.

மார்கழி 8, சனி
கரடிமனை, அதாவது குஸ்திக்கூடத்து வஸ்தாது வந்தார். முனிக்குக் குஸ்தி பழக்கியவர். இரண்டு தட்டு ரவை உப்பிட்டு, குளிரைப் பற்றிப் பேச்சு. வந்த காரியம் எனக்குத் தெரியும். இனி கோதாவில் இறங்காதவனுடைய லங்கோடு, கரடிமனை ஆஞ்சநேயர் காலடிக்குப் போகவேண்டும். அது அங்கே வழக்கம். அவர் குளிரை விட்டு மழைக்குப் போனார். நான் அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனிதான் சொன்னான்: "டிரங்குல இருக்கு. எடுத்துக் குடு நைனா."

வஸ்தாது கை நீட்டவில்லை. "நான் வாங்கக் கூடாதுப்பா. அவனால முடியலன்னா பெத்தவர்தான் கொண்டாந்து வைக்கணும்." மீசை நனைந்திருந்தது.

மார்கழி 10, திங்கள். ஜயந்தி
உளுந்து நேற்றே ஊறவைத்துவிட்டாள். "ஊறினத என்ன பண்றது?" வேண்டுதல் பலிக்காமலே வடைமாலை.

கரடிமனையில் கோதாவைத் தாண்டித்தான் சாமி. கால் வைக்கப்போய், ஞாபகம் வந்து, குனிந்து மண் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். லங்கோட்டைக் காலடியில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே சில, சாயம் போய்.

வீட்டில் முனி: "மண்ண தொட்டியா?"

"தொட்டேன்டா."

"நெத்தியக் காட்டு."

காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நாவல்: ஒரு வரியும் இல்லை. கதாநாயகன் கோதா ஓரத்தில், குனிந்தபடி.