ஸ்டார்ட் செய்தால் விழாத கியர்

அக்டோபர் 6, திங்கள்

காலை முழுக்கத் தூறல். ஆபீஸிலிருந்து திரும்பும்போது எலக்ட்ரானிக் சிட்டி சிக்னலில் முதல் கியர் விழவில்லை. பல் டாக்டர் அறையில் கேட்கும் அதே கர்ர். பலமுறை மிதித்த பிறகு, போனால் போகிறதென்று விழுந்தது. பழைய கார். திங்கட்கிழமை அதற்கும் பிடிக்காதோ என்னவோ.

மலரிடம் சொல்லவில்லை. நிறைமாதம். டாக்டர் கொடுத்த தேதி இருபது. ஆஸ்பத்திரி பிரேசர் டவுனில், வீடு சந்தாபுரத்தில். நடுவே பெங்களூரு முழுவதும்.

வாங்க: டெட்டால், ஃபிளாஸ்க், பழைய வேட்டி (மாமியார் உத்தரவு. பழைய வேட்டியை எங்கே வாங்குவது?).

அக்டோபர் 8, புதன்

இன்று ரிவர்ஸும் மறுப்பு. பேஸ்மென்ட்டில் தூணைப் பார்த்தபடி நெடுநேரம். எஞ்சினை அணைத்தால் எல்லா கியரும் சமர்த்தாக விழுகின்றன. ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் இல்லை. என் மேனேஜரும் இப்படித்தான். வேலை தொடங்காதவரை எல்லாவற்றுக்கும் சம்மதம்.

மாமியார் போன். கல்யாணத்துக்காக ஆரணி போனவர், திங்கள் வருகிறார். "கார்ல கட்டுனது இருக்குதுல்ல மாப்ள?" இருக்கிறது என்றேன். ஆயுத பூஜையன்று கறுப்புத் துணியில் படிகாரம் முடிந்து கண்ணாடியில் தொங்கவிட வந்தார். சாலை மறைக்கும் என்றேன். ஆபீஸ் பார்க்கிங்கில் பார்ப்பார்களே என்பதுதான் விஷயம். கடைசியில் ஸ்டியரிங்குக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் கட்டுவதென்று சமரசம். யார் கண்ணிலும் படாத திருஷ்டிப் பொருள். இரு தரப்புக்கும் திருப்தி.

அக்டோபர் 9, வியாழன்

வெயில். ஆனேக்கல் ரோட்டில் பாஷா பாய் ஒர்க்‌ஷாப். கேபிளை இழுத்துப் பார்த்தார், பெடலை மிதித்தார், கண்ணை மூடிக் கியர் சத்தம் கேட்டார்.

"கிளட்சு உட மாட்டேங்குது சாப். புடிச்சத உடல. அப்புறம் கியர் எப்டி விழும்?"

"என்ன பண்ணணும் பாய்?"

"கியர்பாக்ஸ எறக்கணும். ரெண்டு மூணு நாளு வண்டி இங்கயே நிக்கணும்."

"வீட்ல மாசமா இருக்காங்க."

"அரே! அப்ப வண்டிய எடுத்துக்கினு போங்க சாப். கொழந்த மொதல்ல, கியர்பாக்ஸ் அப்புறம்."

அவசரத்துக்கு வழியும் சொன்னார்: எஞ்சினை அணை, கியரைப் போடு, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய். வண்டி ஒரு குதி குதிக்கும். நிறைமாதக்காரியோடு.

கேப் கிடைக்குமா என்று வெள்ளோட்டம் பார்த்தேன். "பிரேசர் டவுனா? ஏர்போர்ட்னா வரேன் சார்." கட்.

அக்டோபர் 11, சனி

தூக்கமில்லை. கண்ணை மூடினால் கார் சரிவில் பின்னால் போகிறது. மலருக்குச் சந்தேகம். "தூக்கத்துல கால ஏன் இப்டி ஒதைக்கறீங்க? உள்ள இருக்கறது ஒதைக்கறது பத்தாதா?"

அக்டோபர் 12, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தா. ஒற்றைக் கையால் எழுதுவதால் எழுத்து இப்படி.

காலை இட்லி தட்டில் இருக்கும்போதே வலி. தேதிக்கு முன்பே. கேப் கேன்சல், மறுபடி கேன்சல். காரைத்தான் எடுத்தேன். ஓசூர் ரோடு முழுக்கக் குதித்துக் குதித்து. ஒவ்வொரு குதிக்கும் மலர் என் தோளைக் கிள்ளினாள். ரிச்மண்ட் மேம்பால ஏற்றத்தில் வண்டி நின்றது. முதல் கியர் விழவில்லை. ஏற்றத்தில் பாய் சொன்ன குதியும் பலிக்கவில்லை. பின்னால் ஹாரன். கனவில் வந்த அதே சரிவு.

ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்: "ஏன் குரு, இல்லே மனெ கட்தீயா?" இங்கேயே வீடு கட்டப்போகிறாயா என்று.

"என்னாங்க ஆச்சு?"

"கியர் விழல."

"விழ வேண்டியது விழல. இங்க விழக்கூடாதது விழப்போவுது!"

மிதித்த மிதியில் செருப்பு கழன்று உள்ளே போய்விட்டது. குனிந்து துழாவினேன். செருப்பு கிடைத்தது. பெடலுக்கு நேர் கீழே, ரப்பர் மேட்டுக்கு அடியில் கல் மாதிரி ஏதோ ஒன்று. இழுத்தேன். கறுப்புத் துணி மூட்டை.

"அம்மா கட்டுனது," என்றாள் மலர்.

கயிறு அறுந்து விழுந்து உள்ளே நகர்ந்திருக்கிறது. பெடல் இத்தனை நாளும் அதன்மேல் இடித்து நின்றிருக்கிறது. இப்போது மிதித்தேன். அடிவரை போனது. கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. மூட்டையை வெளியே எறியக் கை ஓங்கினேன்.

"வேணாங்க," என்றாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இங்கே வந்து சேர்ந்ததும் சோதித்தார்கள். பாப்பாவின் இதயத்துடிப்பு குறைகிறதாம். ஆபரேஷன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

மாமியார் போன். ஆரணியிலிருந்து பஸ் ஏறிவிட்டார். அழுகை. "கட்டுனது பத்திரமா இருக்குதுல்ல மாப்ள?"

"இருக்கு அத்தை."

காரில் இல்லை, இடது கையில். சட்டைப்பையிலிருந்து எப்போது எடுத்தேனோ. எதிர் பெஞ்சில் எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர், பார்த்துவிட்டார். வியர்வையில் துணி நனைந்து படிகாரம் உள்ளங்கையில் கசிகிறது, பிசுபிசுக்கிறது. குப்பைக்கூடை பக்கத்திலேயே. போட்டுவிடலாம். பாஷா பாய் சொன்ன அதே கோளாறு. பிடித்ததை விடமாட்டேன் என்கிறது கை.