1966ஆம் ஆண்டுப் படத்தில் இல்லாதவர்

அன்புள்ள மகள் தனுஷிகாவுக்கு,

மாதாவின் துணையால் நீயும் மருமகனும் பேரன் ஆரணனும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் குறையில்லாமல் இருக்கிறோம். இங்கே ஏவன்டேலில் மூன்று கிழமையாக விடாத மழை, அப்பாவுக்கு முழங்கால் நோவு, ஆனாலும் ஞாயிறு பூசை முடிய சந்தைக்குப் போகாமல் விடமாட்டார். உன் தம்பி டெஸ்மன் மனுரேவாவில் அதே வெயார்ஹவுஸ் வேலையில்தான் நிற்கிறான், ஷிஃப்ட் மாறியபிறகு முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. எப்போதும் போனில் கதைக்கிற அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இதற்குள் இன்னொருவர் கையால் எழுதிய தாள் ஒன்று இருக்கிறது, அது உன்னிடம் தாளாகவே வந்து சேரவேண்டும். அதோடு போனில் சொன்னால் நான் இடையில் அழுதுவிடுவேன்.

ஆரணன் விளையாடப் போகிற சாட்டில் நீயும் அந்த ஐரிஷ் கோயில் பங்கின் விளையாட்டுக் கழகக் கமிட்டிக்குள் போய், நூறாவது ஆண்டுப் புத்தகத்துக்கு வரலாறு எழுதுகிறேன் என்று அனுப்பிய பக்கங்களை வேலைக்குப் போகும் ரயிலில் வாசித்தேன். கணவனை இழந்த ஒரு பெண் மாடு மேய்க்கும் காணியை விட்டுக்கொடுத்தது, ஆட்டம் தொடங்க முன்னர் பெடியள் சாணி அள்ளியது, ஐம்பதுகளில் இளம் ஆட்கள் எல்லோரும் இங்கிலாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனதால் பதினைந்து பேர் சேராமல் இரண்டு வருடம் அணியே இல்லாமல் கிடந்தது, பிறகு 1966இல் மாவட்ட அளவிலான கவுண்டிக் கிண்ணம், நூறு வருடத்தில் அந்த ஒரே கிண்ணம். கையாலும் காலாலும் விளையாடுகிற கேலிக் உதைபந்தாட்டம் எனக்கு விளங்காது, ஆனால் ஆள் சேராத பங்கு எப்படியிருக்கும் என்று மன்னார்க்காரிக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

நான் வேலை செய்கிற முதியோர் ரெஸ்ட் ஹோமில் யூஜின் என்ற ஐரிஷ்காரர் இருக்கிறார், அவர் பிறந்த ஊரும் உன் பங்குதான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். எண்பத்து மூன்று வயது, மனைவி தவறிவிட்டா, பிள்ளைகள் இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்து அந்தப் பக்கங்களைக் காட்டினேன். 1966ஆம் ஆண்டு அணியின் படத்தில் ஒவ்வொருவராக விரல் வைத்துப் பெயர் சொன்னார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஓராள் குறைவு என்றார். யார் என்று கேட்டேன். நான்தான் என்றார். அந்தக் காலத்தில் கேலிக் விளையாடுகிறவர்கள் ஆங்கிலேயரின் ஆட்டங்களை விளையாடவும் கூடாது, பார்க்கவும் கூடாது என்று சட்டமாம். அரையிறுதி முடிந்த அடுத்த ஞாயிறு இவர் சைக்கிளில் பட்டணத்துக்குப் போய் காலால் மட்டும் ஆடுகிற மற்ற உதைபந்தாட்டம் ஒன்றைப் பார்த்திருக்கிறார், யாரோ கண்டுவிட்டார்கள். அவரை விலக்கவேண்டும் என்று கூட்டத்தில் முன்மொழிந்தவர் கழகச் செயலாளர், இவருடைய சொந்த அண்ணன் டோனல். இவர் இல்லாமலே இறுதி ஆட்டத்தில் வென்றார்கள். அடுத்த மாதம் இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறியவர், தாயின் செத்தவீட்டுக்குக்கூடத் திரும்பிப் போகவில்லை.

அன்று நான் செய்ததுதான் பிழை. அவரைக் கேட்காமல் எல்லாவற்றையும் உனக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். நீ டோனலிடம் போய்க் கேட்டாய், அவர் கடிதம் எழுதித் தந்தார், நீ அதைப் படம் எடுத்து அனுப்பினாய். நான் அவசரப்பட்டு யூஜினுக்கு வாசிக்கத் தொடங்கினேன். அண்ணனின் பெயர் வந்ததும் நிறுத்தச் சொன்னார். என் வீட்டுக் கதையைக் கொண்டுதிரிய உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். அதன்பிறகு ஒன்பது நாள் என் கையால் தேநீர் வாங்கவில்லை, குளிக்க வார்க்க வேறு ஆள் வேண்டும் என்றார். அவர் மனேஜரிடம் சொன்னால் என் வேலை போய்விடும் என்ற பயம் ஒருபக்கம், ஆனால் அவர் சொல்லவேயில்லை, அதுதான் கூடச் சுட்டது. அப்பாவிடம் சொன்னேன். நீ அவரை எங்கட ஆளெண்டு நினைச்சிட்டாய் ஸ்ரெல்லா, அவர் உன்னை அப்பிடி நினைக்கேல்லையே என்றார். அது சரிதானே பிள்ளை.

போன செவ்வாய் அவரே கூப்பிட்டு மிச்சத்தை வாசி என்றார். டோனல் எழுதியது உனக்குத் தெரியும். தம்பியைக் காப்பாற்றினான் என்று ஊர் சொல்லுமே என்று பயந்து தானே முந்திக்கொண்டாராம், கிண்ணம் வீட்டுக்கு வந்த அன்று தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம், அணிப் பட்டியலில் தம்பியின் பெயரை அடித்ததும் தன் கைதானாம், அரையிறுதியில் அவன் போட்ட கோலோடு பெயரைப் புத்தகத்தில் சேர்க்கவேண்டுமாம். யூஜின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றல்ல, இரண்டு கோல் என்றார். பிறகு பேனை கேட்டார். ஒரு மணித்தியாலம் இருந்து அந்த அரையிறுதியை எழுதினார், யார் பந்து கொடுத்தது, எந்தப் பக்கம் சேறு என்றுகூட விட்டுவைக்கவில்லை. இதற்குள் இருக்கிற தாள் அதுதான், புத்தகத்தில் அதை அப்படியே போடு.

ஆனால் ஒன்று புத்தகத்துக்கு இல்லை, அவரே அப்படிச் சொல்லித்தான் என்னிடம் சொன்னார். அன்று பட்டணத்துக்குப் போன சைக்கிள் டோனலுடையது. எங்கே போகிறான் என்று தெரிந்துதான் கொடுத்தாராம். அறுபது வருடமாக யூஜின் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, கூட்டத்தில் கேட்டபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் விலக்கியிருப்பார்கள், கழகத்தில் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான் என்று சிரித்தார். இந்தமுறை அவரைக் கேட்டுவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். நீயும் டோனலிடம் இதைப்பற்றி வாயெடுக்காதே. வரலாறு எழுதுகிறவள் எல்லாவற்றையும் எழுதவேண்டியதில்லை என்று இப்போது நினைக்கிறேன், நீ படித்தவள், உனக்கு வேறுமாதிரித் தோன்றலாம்.

குளிரில் ஆரணனுக்குக் காலுறை இரண்டு போட்டு விளையாட விடு. மருமகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

மறந்துவிடாதே, தாளை டோனலிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாமல் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டு. வலது பக்கமாய் இருந்து வாசி. இடது காது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கேட்காதாம், யூஜின் இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஸ்ரெல்லா