அன்னாசிப் பச்சடிக் கிண்ணம்

அன்புள்ள உம்மா,

போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. "நான் குடுத்த அன்னாசிப் பச்சடியாலதான் அவளுக்குக் கரு கலைஞ்சிடுச்சு" என்று கிள்ளானில் அழுதுகொண்டிருக்கிறீர்களாம். தங்கச்சி நுஸைபா சொன்னாள். ஆறுதல் சொல்ல வேண்டிய நீங்களே ஒளிந்துகொண்டால் எப்படி?

பச்சடி இல்லை, உம்மா.

இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் கலைந்த கருவின் சோதனை முடிவு வந்தது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுமாம். என்னுடையது நாற்பத்திரண்டு வருடம் காத்திருந்தது. அத்தனை காலத்தில் குரோமோசோம்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிடி தளர்ந்து, முட்டை முதிரும்போது அவை சரியாகப் பிரியாமல் ஒன்று கூடுதலாகத் தங்கிவிட்டது; அதனால்தான் கரு நிலைக்கவில்லை. "நீங்க என்ன சாப்பிட்டிருந்தாலும் இது மாறியிருக்காது லா" என்றார் டாக்டர்.

அப்படியென்றால் நான் உங்கள் வயிற்றில் இருந்தபோதே அந்த முட்டை என்னிடம் இருந்திருக்கிறது. நீங்களும் கொஞ்ச நாள் அதைச் சுமந்திருக்கிறீர்கள்.

உங்கள் கிண்ணத்தை நுஸைபாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று பழக்கியது நீங்கள்தான். பாசாரில் நல்ல அன்னாசி கிடைத்தது; நறுக்கி அதில் வைத்திருக்கிறேன்.

பச்சடி வைத்து நீங்களே எடுத்து வாருங்கள். சேர்ந்து சாப்பிடுவோம்.

உங்கள் மூத்தவள்