ஞாயிற்றுக்கிழமை வரை

ஆமத்தூர்
10.11.2024

பிரியமுள்ள இசைவாணிக்கு,

நலமா? நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி மூடியிருக்கிறது. அம்மா சமையல் வாய்க்கு விளங்கவில்லை.

பிள்ளை போய் இரண்டு மாதமாகிறது. நமக்குக் கொடுப்பினை இல்லை. வளைகாப்புக்கு வந்தவர்களில் எவளோ ஒருத்தியின் கண் பட்டுவிட்டது என்று ஊரே பேசுகிறது. மனசைத் தேற்றிக்கொள். கார்த்திகை பிறந்ததும் உன்னை அழைக்க வரட்டுமா? எத்தனை நாள்தான் உன் அம்மா வீட்டில் இருப்பாய்?

உன்
சண்முகவேல்

மல்லாங்கிணறு
15.11.2024

மச்சானுக்கு,

யார் கண் பட்டது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீர்க்குடம் உடைந்து பாவாடை நனைந்ததும் உங்களிடம்தான் முதலில் சொன்னேன். "வலியே வரலைல்ல? ஞாயித்துக்கெழம வளைகாப்ப முடிச்சிட்டு ஆஸ்பத்திரி போவோம். சீசன்ல வேற நாளு லீவு தரமாட்டாக" என்றீர்கள். அத்தை பழைய சேலையைக் கிழித்து மடித்துக் கொடுத்தார்கள்.

ஈரத்தோடுதான் மணையில் உட்கார்ந்தேன். காய்ச்சலில் கை நடுங்கி வளையல் குலுங்கியது. எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை பிறந்த பிள்ளை பால் குடிக்கவே இல்லை. உடம்பு சில்லிட்டுக் கிடந்தது, மூச்சு இரைத்தது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். நாலாம் நாள் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். இதுவா கண் பட்டது?

இசைவாணி

ஆமத்தூர்
20.11.2024

வாணி,

வலி வந்தால்தான் பிரசவம் என்று நினைத்துவிட்டேன். அதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்திருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, நீர் உடைந்து எவ்வளவு நேரம் என்று கேட்டார். "இன்னைக்குக் காலையிலதாம்மா" என்றேன். உன் சொந்தக்காரர்கள் முன்னால் ஏசிவிடுவாரோ என்று பயம்.

நேற்று நம்ம ஊர் நர்ஸிடம் விசாரித்தேன். நீர் உடைந்து நேரம் ஆக ஆகக் கிருமி உள்ளே ஏறுமாம். உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்கு அப்போதே ஊசி போட்டிருப்பார்களாம். பிள்ளையையும் பிறந்தவுடனே கிருமி இருக்கிறதா என்று பார்த்து மருந்து கொடுத்திருப்பார்களாம். உன்னிடம் மறைத்து என்னால் வாழ முடியாது. திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். வந்துவிடு.

சண்முகவேல்

மல்லாங்கிணறு
27.11.2024

மச்சானுக்கு,

நீங்கள் எதையும் மறைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் வெளியே போனதும் அங்கிருந்த நர்ஸ் குனிந்து, "நீ சொல்லுத்தா, எப்ப ஒடைஞ்சது?" என்று மறுபடியும் கேட்டார். "அவுக சொன்னதுதான்" என்றேன். நாலு பேர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்கக் கூடாது என்று நினைத்தேன். வயிற்றில் இருந்தவளை நினைக்கவில்லை.

உங்கள் தங்கை வேல்விழிக்கு இது ஆறாவது மாதம். நீர் உடைந்தால் வலிக்குக் காத்திருக்க வேண்டாம், நல்ல நாள் பார்க்க வேண்டாம், உடைந்த நேரத்தை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லுங்கள். அத்தைக்கும் சொல்லுங்கள்.

நான் அங்கே வந்தால் கொஞ்ச நாளில் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். நானும் உங்களை மன்னித்துவிடுவேன். எனக்கு அதில் சம்மதமில்லை.

அழைக்க வர வேண்டாம்.

இசைவாணி